பகோடா விளக்கு

கடலூர் செம்மண்டலத்தில் என் மாமா கொளஞ்சியப்பன் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அவர் பெயரைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. பகோடாக்காரர் வீடு எது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டு வந்த ஒரு மனிதர், வாசலில் நின்றுகொண்டு கால் கிலோ வெங்காய பகோடா கிடைக்குமா என்று கேட்டு, என் அக்கா லோகநாயகியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். சொந்த ஊர் மங்கலம்பேட்டை. கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் சிமெண்ட் உறை வார்ப்பது தொழில். நான் மணவாளன், சிதம்பரத்தில் காயலான் கடை வைத்திருக்கிறேன். ஊரார் வேண்டாம் என்று தூக்கிப் போடுவதெல்லாம் என் கடைக்கு வரும். அதில் பாதி என் கடையிலிருந்து மாமா வீட்டுக்குப் போகும். பெண்ணைக் கட்டிக் கொடுத்ததோடு அந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டியது முடிந்தது என்று எங்கப்பா நினைத்திருந்தார், பாவம்.

பகோடா பெயர் வந்தது 2004இல். அக்காவுக்கு ஒரே பிள்ளை, அருள்முருகன். சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தான். ஒருநாள் ஒரு படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தான். ஜப்பான் தோட்டம். ஓரத்தில் ஒரு கல் விளக்கு. கீழே பீடம், அதன்மேல் தூண், தூண்மேல் நான்கு பக்கமும் ஜன்னல் வைத்த ஒரு பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே விரிந்த தொப்பி போல ஒரு கூரை.

"இதுக்குப் பேரு பகோடா லேம்ப்பும்மா" என்றான்.

"பகோடாவா? எங்கடா?" என்று அக்கா அவன் கையைப் பார்த்தாள்.

"பேருதாம்மா. அங்க கோயில் கோபுரத்த பகோடாம்பாங்க. தோட்டத்துல சும்மா அழகுக்கு வெப்பாங்க."

"சும்மா வெக்கறதுக்கு ஒரு பகோடாவா? துன்னவும் முடியாது, ஒண்ணும் முடியாது."

மாமா படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "இது உறை வேலதான்டா. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கியிருக்கான், அவ்ளோதான்" என்றார்.

அப்பனும் மகனும் மறு ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். பீடத்துக்கு ஒரு பழைய டயர். தூணுக்கு நெடுக்கில் அறுத்த பிவிசி பைப். விளக்குப் பெட்டிக்கு ஒரு பிஸ்கட் தகரம். ஜன்னல் விழ வேண்டிய இடத்தில் தெர்மாகோல் துண்டுகளை வைத்து வார்த்து, காய்ந்ததும் குத்தி எடுத்துவிடலாம் என்பது அருள்முருகன் யோசனை. கூரைக்கு, அடி தேய்ந்துபோன ஒரு மிட்டாய்க் கடை வாணல். உச்சியில் குமிழ் வைக்க நசுங்கிய சொம்பு ஒன்று.

முதலில் செய்தது பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. கூரை வாணலை விட்டு வரமாட்டேன் என்றது. உடைத்துத்தான் எடுத்தார்கள். அடுத்த தடவை வாணலுக்குக் கழிவு ஆயில் தடவி, ஈரப் பேப்பர் ஒட்டி வார்த்தார்கள், கழன்று வந்தது. சிமெண்டோடு உமிச் சாம்பல் கலந்ததால் பார்க்கக் கருங்கல் மாதிரியே இருந்தது. மேலே சாணிக் கரைசலும் புளித்த மோரும் பூசி வேப்பமரத்து நிழலில் வைத்தார்கள். ஜப்பான்காரன் நூறு வருஷம் காத்திருந்து பிடிக்கிற பாசியை மாமா ஒரு ஐப்பசி மழையில் பிடித்துவிட்டார்.

அந்த முதல் விளக்கைச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஸ்ரீமதி டீச்சர் வாங்கிக்கொண்டார். பிரவுசிங் சென்டருக்கு மெயில் அனுப்ப வருகிறவர், படத்தை அருள்முருகன் காட்டியிருக்கிறான். அவர் வீட்டில் பார்த்த டாக்டர் ஒருவர் கேட்டார். பிறகு பாண்டிச்சேரியிலிருந்து ஒரு ஓட்டல்காரர் வந்தார். உறைக்குப் பேர்போன மனிதரை ஊர் பகோடாக்காரர் ஆக்கிவிட்டது. மாமாவுக்கு அதில் கோபம் இல்லை. பிள்ளை வைத்த பெயர் என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

பிள்ளையின் வண்டியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பழைய பைக்தான். நான்தான் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். அக்கா வீட்டில் இருந்தபடி ஒயர் கூடை பின்னுகிறவள். வண்டி வந்த அன்றே அதன் முன்பக்கத்துக் காப்புக் கம்பி முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகக் கூடை ஒயரைச் சுற்றிக் கொடுத்தாள். முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு போடுவாள். அது எங்கள் அம்மாவுக்கும் வராது, வேறு யாருக்கும் வராது. அவிழ்க்கவும் அவளால்தான் முடியும். "கூடைக்குக் கைப்புடி போட்டுட்டீங்க, இனிமே வண்டிய தூக்கிட்டே மார்க்கெட்டுக்குப் போலாம்" என்று அவன் கேலி பேசினான்.

2005 கார்த்திகையில் அடைமழை. அருள்முருகன் சிங்கப்பூர் போகிறேன் என்று ஆரம்பித்தான். அவனுடைய பரங்கிப்பேட்டைச் சிநேகிதர்கள் பலர் வெளிநாட்டில் இருந்தார்கள், ஆசை வருவது இயற்கை. மாமாவுக்குப் பிடிக்கவில்லை. பேச்சு முற்றியது. "இங்க என்னா கொறச்சல் உனக்கு? போறதுன்னா ஒரேயடியாப் போயிடு, திரும்பி வராத" என்று சொல்லிவிட்டார். எந்தத் தகப்பனும் சொல்கிற வார்த்தைதான். எங்கப்பா என்னை வாரத்துக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அருள்முருகன் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான், போய்விட்டான்.

புவனகிரியில் ஒரு சிநேகிதன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போகிறேன் என்று மழையிலேயே கிளம்பினான் என்பது வரை தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. அந்த ஊரை ஒட்டின வெள்ளாறு அப்போது கரை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. புகார் கொடுத்தோம், ஆற்றோரத்து ஊரெல்லாம் அலைந்தோம். அக்கா மட்டும் ஆற்றுப் பக்கமே வரமாட்டேன் என்றாள்.

"ஆத்துல போயிருந்தா வண்டியாச்சும் கெடைக்கணுமில்ல? வண்டிய வித்துட்டு சிங்கப்பூருக்கு ஏறிட்டான். அப்பன் சொன்ன சொல்லு அப்படி. ரோஷக்காரன், போனுகூட போடமாட்டான்" என்றாள். மாமாவைப் பார்த்து, "நீங்கதான் என் புள்ளய தொரத்துனீங்க" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது, பிறகு சோறு போடும்போது ஒரு தடவை, விளக்கு வைக்கும்போது ஒரு தடவை என்று வழக்கமாகிவிட்டது.

தை மாதம் வண்டி கிடைத்தது. என் கடைக்கே வந்தது.

பரங்கிப்பேட்டைப் பக்கம் ஆற்று முகத்துவாரத்தில் வலை போட்டவர்கள் இரண்டு பேர், வலையில் மாட்டிய இரும்பு என்று ஒரு மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். முழுக்கச் சேறு. நம்பர் பிளேட் இல்லை. தண்ணீர் ஊற்றினேன். சேறு கரைந்து பச்சையும் மஞ்சளும் தெரிந்தது. தராசுக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போன் போட்டு மாமாவை வரவழைத்தேன். அவர் வண்டிப் பக்கத்தில் குந்தி, முன் விளக்குக்குள் இருந்த சேற்றை விரலால் வழித்து வழித்து எடுத்தார். பிறகு அழுதார். நானும் அழுதேன். கடையில் இருந்தவர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே போய் நின்றார்கள்.

"மச்சான், இத உங்கக்காகிட்ட சொல்லாத" என்றார்.

"என்னா மாமா பேசறீங்க? சொன்னா உங்க மேல இருக்கற பழியாச்சும் தீரும். நீங்க தொரத்தி அவன் ஓடிப் போவல. வூட்டுக்குத் திரும்பி வரும்போது வெள்ளம் அடிச்சிக்கிட்டுப் போயிருக்குது."

"பழி கெடக்கட்டும். அவ சாப்புடறா மச்சான். புள்ள வருவான்னுதான் ரெண்டு வாய் சாப்புடறா. இத கொண்டுபோயி முன்னால நிறுத்துனா அதுவும் நின்னுடும்."

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. செய்யாத குற்றத்தைத் தலையில் சுமக்கிறவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும் என்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை. அக்கா அந்த இரண்டு மாதத்தில் பாதியாகியிருந்தாள். அவளை நிறுத்தி வைத்திருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான், அந்த நம்பிக்கையோ கிடைக்காத வண்டியின் மேல் நின்றது. நானும் வாயை மூடிக்கொண்டேன். சரியா தப்பா என்று இப்போது கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும், அன்றைக்குத் தராசுக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது நான்.

வண்டியை உடைத்து எடைக்குப் போடவும் அவர் விடவில்லை. கடைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். ஒவ்வொரு விளக்குக்கும் ஆர்டர் வரும்போது வந்து, ஒரு பாகத்தைக் கழற்றிக்கொண்டு போவார். சக்கரத்துக் கம்பிகளை வளைத்துக் கூரைக்குள் வைத்து வார்த்தார். சைலன்சர் குழாய் ஒரு தூணுக்குள் போனது. பல்சக்கரம் ஒரு பீடத்துக்குள். முறுக்குக் கம்பி வாங்காமல் பழைய இரும்பில் சமாளிக்கிறார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சிக்கனக்காரர் என்று பெயர் வந்தது.

பிள்ளைக்குக் கருமாதி இல்லை, படத்துக்கு மாலை இல்லை. எங்கள் பக்கம் அடக்கம் பண்ணின இடத்தில் செங்கல்லால் சின்னதாக ஒரு மாடம் கட்டி விளக்கு வைப்பார்கள். அதுவும் அவனுக்கு இல்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு யார் வைப்பார்கள்? ஆகவே மாமா கார்த்திகை தீபத்தன்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு சிதம்பரம் வந்துவிடுவார். சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீமதி டீச்சர் வீட்டுக்குப் போவார். டீச்சர் முதல் விளக்குக்கு ஜோடியாக இன்னொன்று கேட்டு வாங்கியிருந்தார். அதற்குள் அருள்முருகனின் வண்டிச் சங்கிலி இருந்தது. தீபத்தன்று இரண்டிலும் அகல் ஏற்றி வைப்பார்.

"வெளியவே நிக்கறீங்களே, உள்ள வாங்க" என்பார் டீச்சர்.

"இல்லம்மா. பாசி நல்லா புடிச்சிருக்குதான்னு பாக்க வந்தேன்" என்று மாமா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எண்ணெய் தீர்கிற வரை நிற்பார். சொந்த வீட்டில் வைக்க முடியாத விளக்கு ஊரான் வீட்டில் எரிவதைப் பார்க்க நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வருகிற தகப்பனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து அக்காவே ஒருநாள் கேட்டாள், நம் வீட்டிலும் ஒன்று வைத்தால் என்ன என்று. "படம் கொண்டாந்தது அவன். ஊரெல்லாம் செஞ்சு குடுத்துட்டு வூட்டுல ஒண்ணு இல்லன்னா, வந்து கேப்பான்" என்றாள்.

அந்த விளக்குக்காக மாமா காப்புக் கம்பியைக் கேட்டார். வண்டியில் மிச்சம் இருந்தது அதுதான். நான் ஒயரை உரிக்கக் கத்தியை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒயரோட போட்டா சிமெண்ட்டு புடிக்காது மாமா. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். அவ சுத்துனது மச்சான். நான் எப்படி அறுக்கறது?"

அப்படியே தூணுக்குள் வைத்து வார்த்துவிட்டார். வாழ்நாளெல்லாம் உறை வார்த்தவர் தெரிந்தே செய்த தப்பு அது ஒன்றுதான்.

தென்னை மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அக்கா சுற்றி வந்து பார்த்தாள், ஜன்னல்களுக்கு நேராக நின்றாள். முகம் மாறிவிட்டது. "இது செத்தவங்களுக்கு வெக்கற மாடம் மாரி இருக்குது. ஜன்னல அடச்சிடுங்க. யாராச்சும் தெரியாம வெளக்கு கிளக்கு வெச்சிடப் போறாங்க."

மாமா கரணையை எடுத்து நான்கு ஜன்னலையும் அடைத்தார். ஊரில் அவர் செய்த அத்தனை விளக்கிலும் விளக்கு வைக்க இடமில்லாதது அவர் வீட்டு விளக்கு ஒன்றுதான். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் அக்கா கூடை பின்னுவாள். பச்சை ஒயரிலும் மஞ்சள் ஒயரிலும் ஒரு கட்டு எப்போதும் தனியாக எடுத்து வைத்திருப்பாள், வந்ததும் புது வண்டி வாங்குவான், சுற்ற வேண்டும் என்று. அந்தக் கட்டை எலி கடித்தால் வேறு கட்டு வாங்குவாள். மாமாதான் கடைக்குப் போய் வாங்கி வருவார். வாங்கி வந்ததும், "நீங்கதான தொரத்துனீங்க, நீங்கதான் வாங்கிட்டு வரணும்" என்று ஒரு சொல் விழும். கேட்டுக்கொண்டு கை கழுவப் போவார்.

2011 கடைசியில் தானே புயல் வந்தது. கடலூரைப் புரட்டிப் போட்டுவிட்டது. ரோடெல்லாம் மரம். நான் கிடைத்த வண்டியில் ஏறியும் இறங்கி நடந்தும் செம்மண்டலம் போய்ச் சேர்ந்தபோது, தெருவே அடையாளம் தெரியவில்லை. மாமா வீட்டுத் தென்னை விழுந்து கிடந்தது. விளக்கின் மேல்தான் விழுந்திருந்தது. கூரை நான்கு துண்டு. தூண் இருந்த இடத்தில் ஒரு சாக்கு போர்த்தியிருந்தது, அதன்மேல் மாமா உட்கார்ந்திருந்தார்.

"காலையிலேருந்து இப்படியேதான் உக்காந்திருக்காரு" என்றாள் அக்கா. "எந்திரிச்சு மட்டைய இழுத்துப் போடுங்கன்னா அப்பறம் பாக்கலாம்ங்கறாரு. சோத்துக்கும் வரல. நீயாச்சும் சொல்லு தம்பி."

மாமா என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா போய் அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கூடவே சாக்கும் வந்துவிட்டது.

சிமெண்ட் தூண் நெடுக்கில் பிளந்து கிடந்தது. ஒயர் சுற்றிய இடத்தில் பிடிப்பே இல்லாமல் பட்டையாகக் கழன்றிருந்தது. நடுவில் கம்பி நின்றது. பச்சையும் மஞ்சளும் நேற்றுச் சுற்றியது போல இருந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். மாமா அவசர அவசரமாகப் பேச ஆரம்பித்தார். "அது மச்சான் கடைல எடுத்த கம்பி லோகு. ஊருல எத்தினியோ வண்டில ஒயர் சுத்தியிருப்பாங்க. பச்ச மஞ்சள் எல்லாக் கடையிலயும் விக்குது. சொல்லு மச்சான்."

ஆறு வருஷமாகக் கூடவே பொய் சொன்ன நான் அப்போது விழுந்து கிடந்த தென்னையைப் பார்த்தேன்.

"அவன ஏன் கேக்கறீங்க?" என்றாள் அக்கா. கம்பியின் முனையைத் தொட்டாள். "முடிச்சு என்னுது."

பிறகு அவள், "எப்ப கெடச்சுது?" என்றாள்.

"அந்தத் தையில" என்றார் மாமா.

"அப்ப நான் உங்கள பேசுன பேச்செல்லாம்?"

"பேசுனாத்தான் நீ சாப்புட்ட."

அக்கா தரையில் உட்கார்ந்தாள். மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஆறு வருஷத்து அழுகை. நான் பிறந்ததிலிருந்து அவளை அறிந்தவன், அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்து நான் கேட்டதில்லை. எதிர்வீட்டு மலர்க்கொடி ஓடி வந்தாள். அவள் வீட்டு ஓடும் பறந்து போயிருந்தது. "தென்ன மரத்துக்கா இப்படி அழுவறீங்க? ஊருக்கே போயிட்டுது, தேத்திக்குங்க" என்று அக்காவைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமா அக்காவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவரும் வாய்விட்டு அழுதார். சேர்ந்து அழ அவருக்கு அன்றைக்குத்தான் ஆள் கிடைத்தது.

பொங்கல் வந்து போனது. அந்த வீட்டில் பானை ஏறவில்லை. சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பி, ஆற்றங்கரையில் வைத்துக் கருமாதியை முடித்தோம். மறுநாள் மாமா விளக்கை மறுபடி வார்க்க உட்கார்ந்தார். வளைந்த கம்பியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அக்காவைப் பார்க்காமல், "ஒயரோடயே போட்டுடறேன்" என்றார்.

"வேணாம். சிமெண்ட்டு புடிக்காது" என்றாள்.

கம்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். கத்தி கேட்கவில்லை. சுற்றின கையே ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தது, நேரம் பிடித்தது. ஒயரைச் சுருட்டி, எடுத்து வைத்திருந்த புதுக் கட்டோடு சேர்த்து வைத்தாள். வெறும் கம்பியை அவர் கையில் கொடுத்தாள்.

"இந்த வாட்டி ஜன்னல அடைக்காதீங்க."

தெருவில் அப்போதும் கரண்ட் இல்லை. மின்கம்பங்கள் எல்லாம் படுத்துக் கிடந்தன. பொழுது சாய்ந்ததும் அக்கா அந்த விளக்குக்குள் ஒரு அகலை ஏற்றி வைப்பாள். நான்கு ஜன்னல் வழியாகவும் வெளிச்சம் விழும். குழாயடிக்குப் போகிறவர்களுக்கு வழி தெரிந்தது. நல்லவேளையாகப் பகோடாக்காரர் ஒரு விளக்கு வைத்தார் என்று தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒருநாள் சாயங்காலம் கரண்ட் வந்துவிட்டது. பிள்ளைகள் கத்தினார்கள். வீட்டுக்கு வீடு மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்கள். அக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு விளக்குப் பக்கம் போவதை மலர்க்கொடி பார்த்துவிட்டாள்.

"அதான் கரண்ட்டு வந்துடுச்சேக்கா, இன்னும் யாருக்கு வெளக்கு?"

அக்கா எண்ணெய் ஊற்றினாள், திரியைத் தூண்டினாள்.

"புள்ளைக்கு" என்றாள்.